இரட்டை வாரத்து அப்பா

மோர்ட்டனிடம் "ஒரு மாசம் கழிச்சுப் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு யாரும் சுலபமாகத் தப்பித்துப் போனதில்லை. "இன்னிக்கு ஜனவரி முப்பத்தொண்ணு. ஒரு மாசம் கழிச்சுன்னா எந்த நாள்? பிப்ரவரியில முப்பத்தொண்ணு கிடையாதே. கடைசி நாளை எடுத்துக்கணுமா, இல்ல மார்ச்சுக்குள்ள போயிடணுமா?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நின்ற இடத்திலேயே நிற்பான். கேலிக்குக் கேட்பதில்லை. அவனுக்கு நிஜமாகவே தெரிந்தாக வேண்டும். பல் டாக்டரிடம் கேட்டிருக்கிறான், கார் பழுது பார்ப்பவனிடம் கேட்டிருக்கிறான். இரங்கல் கூட்டத்தில் பாதிரியாரிடம் கேட்டதாகவும் ஒரு பேச்சு உண்டு. அதை நான் நம்பவில்லை, ஆனால் கேட்டிருக்க மாட்டான் என்று சத்தியம் செய்யவும் தயாரில்லை.

ஹேர்னோசாண்ட் என்ற பனி கொட்டும் ஊரில், துறைமுகத்தை ஒட்டிய ஒரு பழைய கிடங்கின் மாடியில் அவனுடைய அலுவலகம். ஏழு பேர். வடக்கே உள்ள சில நகராட்சிகளுக்கு அவர்கள் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பள்ளி விட்ட பிறகு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடங்களில், எந்தக் குழந்தையை எந்த நாள் எத்தனை மணிக்கு யார் வந்து அழைத்துப் போவார்கள் என்று சொல்லும் புரோகிராம். அதில் நாள், கிழமை, நேரம் என்று எது வந்தாலும் மோர்ட்டன் பாடு. அலுவலகத்தில் அவனுக்குப் பெயர் பஞ்சாங்கம்.

பெயருக்குத் தகுந்த ஆள்தான். 'நாளைக்கு இதே நேரம்' என்பதும் 'இருபத்து நாலு மணி நேரம் கழித்து' என்பதும் ஒன்றல்ல என்று காபி நேரத்தில் விளக்குவான். மார்ச் கடைசியில், கோடை வருகிறதென்று நாடே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்துகிறதே, அந்த ஒரு ராத்திரியில் இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரம் காணாமல் போய்விடும். "மாசம்ங்கிறது அளவே இல்ல. அது வெறும் பேரு. பேரைப் போய்க் கூட்டினா கழிச்சா இப்படித்தான் ஆகும்" என்பான். கேட்பவர்கள் இலவங்கப்பட்டை பன்னை மென்றபடி தலையாட்டுவார்கள். ஒருவருக்கும் புரியாது, ஆனாலும் அவன் இருக்கும்வரை பயமில்லை என்று ஒரு நிம்மதி.

இப்படிப்பட்டவனோடு குடும்பம் நடத்தப் பொறுமை வேண்டும். ஊல்ரிகாவுக்கு அது ரொம்ப வருஷம் இருந்தது. பிறகு ஒரு நாள் தீர்ந்துவிட்டது. தேதிகளால் தீர்ந்தது என்று சொன்னால் அநியாயம். இரண்டு நல்ல மனிதர்கள் ஒரே வீட்டில் தனித்தனியாக வாழப் பழகிவிட்டார்கள், அவ்வளவுதான். மகள் தூவாவுக்கு அப்போது ஐந்து வயது.

பிரிவது என்று முடிவான சாயங்காலம் இருவரும் சமையலறை மேசையில் உட்கார்ந்தார்கள். குழந்தை யாரிடம் என்ற பேச்சு வந்தது. அவர்கள் நாட்டில் யாரும் மாதத்தையும் தேதியையும் வைத்துத் திட்டம் போடுவதில்லை, வாரத்தின் எண்ணைச் சொல்வார்கள். ஆண்டின் முதல் வாரம் ஒன்று, அடுத்தது இரண்டு, அப்படியே போகும். பல் பிடுங்குவது நாற்பத்தொன்றில், பனிச்சறுக்கு விடுமுறை பத்தில். ஆகவே பிரிந்தவர்களுக்கும் சுலபமான வழி அதுவே. பாதி நாடு அப்படித்தான் பிள்ளை வளர்க்கிறது.

"இரட்டைப்படை வாரம் என் வீடு, ஒத்தைப்படை வாரம் உன் வீடு," என்றான் மோர்ட்டன். "திங்கட்கிழமை ஸ்கூல்லயே மாத்திக்கலாம். காலையில ஒருத்தர் விடணும், சாயங்காலம் இன்னொருத்தர் கூட்டிட்டுப் போகணும். கோடை லீவு, பண்டிகை எல்லாத்துக்கும் இதேதான். விதிவிலக்கு கிடையாது. விதிவிலக்கு வெச்சாத்தான் தப்பு நுழையும்."

ஊல்ரிகா சரி என்றாள். அவள் அழுதுகொண்டிருந்தாள், அதனால் எதற்கும் சரி என்றுதான் சொல்லியிருப்பாள். அவன் அழவில்லை. ஒரே வரியில் ஒரு வாழ்க்கையை அடக்கிவிட்டோமே என்று, அந்தத் துக்கத்திலும் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பாவம், மனிதன் எதையாவது பிடித்துக்கொள்ளத்தானே வேண்டும்.

அதற்குப் பிறகு மோர்ட்டன் இரண்டு ஆளாக வாழ்ந்தான். இரட்டை வாரத்து மோர்ட்டன் நேரத்துக்கு வீடு வருவான். வியாழக்கிழமை பட்டாணி சூப்பும் அப்பமும் செய்வான். தூவாவின் ஸ்கேட்டிங் காலணிக்கு நாடா கட்டிவிட்டு, பனிக்கட்டி விளிம்பில் மூக்கு சிவக்க நின்று கைதட்டுவான். ஒற்றை வாரத்து மோர்ட்டன் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு முன்னால் நின்றபடியே வறட்டு ரொட்டியில் டியூப் மீன்முட்டைப் பசையைப் பிதுக்கித் தின்றுவிட்டு மறுபடி வேலைக்குப் போவான். வீட்டில் விளக்குப் போடக்கூடத் தோன்றாது. ஞாயிறு கழிந்தால் திங்கள் என்ற ஒரே நினைப்பில்தான் அந்த வாரம் ஓடும்.

தூவாவுக்கு எட்டு வயதான ஆண்டின் அக்டோபரில் ஒரு நாள் பெர்னில்லா அவனைக் கூப்பிட்டாள். அவளுடைய வேலை, மற்றவர்கள் எழுதியதில் ஓட்டை தேடுவது. நகராட்சிகளிலிருந்து வரும் திட்டுகளை வாங்கிக்கொள்வதும் அவள்தான்.

"பஞ்சாங்கம், இங்க கொஞ்சம் வா. எனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா, இல்ல உன் புரோகிராமுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா?"

திரையில் சோதனைக்காக அவள் உண்டாக்கி வைத்திருந்த ஒரு குழந்தையின் அட்டவணை. ஐம்பத்திரண்டாம் வாரம் அப்பா. ஐம்பத்து மூன்று அம்மா. அடுத்து வந்த புத்தாண்டின் முதல் வாரமும் அம்மா.

"அடுத்தடுத்து ரெண்டு வாரம் அம்மா வீடு. அப்பன் எங்க போனான்? ஓடிட்டானா?"

மோர்ட்டன் முதலில் சிரித்தான். பிறகு உற்சாகமாக விளக்க ஆரம்பித்தான். ஆண்டு என்பது ஐம்பத்திரண்டு வாரத்தில் சரியாக முடிவதில்லை. ஒன்றிரண்டு நாள் மிஞ்சும். மிச்சம் சேர்ந்து சேர்ந்து, ஐந்தாறு ஆண்டுக்கு ஒரு முறை முழு வாரமாகிவிடும். அந்த ஆண்டுக்கு ஐம்பத்து மூன்று வாரம். இந்தப் புரோகிராம் பிறந்த பிறகு அப்படி ஓர் ஆண்டு வரவில்லை, இப்போதுதான் முதல் தடவை. "அம்பத்து மூணும் ஒத்தை. அதுக்கு அப்புறம் வர்ற ஒண்ணும் ஒத்தை. ரெண்டு ஒத்தை ஒட்டிக்கிட்டு வருது பாரு, அதான்…"

அந்த 'அதான்' பாதியில் நின்றது.

"அப்ப இரட்டை வாரத்து அப்பன்களுக்கு அம்போதானா?" என்று கேட்ட பெர்னில்லா, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஊருக்கெல்லாம் தேதி பார்த்துச் சொன்னவன் சொந்த மகளின் தேதியில் கோட்டை விட்டிருந்தான். அந்தச் சமையலறை மேசையில் அவனுக்கு ஐம்பத்து மூன்று ஞாபகம் வரவில்லை. அன்றைக்கு அவனுக்கு எதுவும் ஞாபகம் வரும் நிலை இல்லை.

சாயங்காலமே ஊல்ரிகாவுக்குப் போன் போட்டான்.

"ஊல்ரிகா, ஒரு தப்பு நடந்திருக்கு."

"யார்கிட்ட? என்கிட்டயா?"

"இல்ல. வருஷத்துகிட்ட."

அவள் பெருமூச்சு விட்டது இங்கே கேட்டது. அவன் விளக்கி முடித்ததும், "சரி, அதுக்கு நான் என்ன பண்ணணும்?" என்றாள்.

"முதல் வாரம் தூவா என்கிட்ட இருக்கட்டும். அதுலேர்ந்து அப்படியே மாத்திக்கலாம். இனிமே ஒத்தை எனக்கு, இரட்டை உனக்கு."

"விளையாடறியா? கோனியோட பசங்களும் ஒத்தை வாரம்தான் இங்க வர்றாங்க." கோனி அவளோடு இப்போது வாழ்கிறவன். "நான் மாத்தினா கோனி மாத்தணும். கோனி மாத்தினா அவனோட பழைய பொண்டாட்டி மாத்தணும். அவ இப்ப கூட இருக்கறவனுக்கு ஒரு பொண்ணு இருக்கா. அந்தப் பொண்ணோட அம்மா ஊமியோவுல நர்ஸு, டூட்டி எல்லாம் வார நம்பர் பார்த்துப் போட்டு வெச்சிருக்கா. உனக்காக நான் ஊமியோவுக்கு லெட்டர் போடவா?"

"அப்ப அந்த ஒரு வாரம் மட்டுமாவது."

"விதிவிலக்கு கிடையாதுன்னு சொன்னது யாரு?"

அவள் குரல் இறங்கியது.

"மோர்ட்டன், பிரிஞ்சதுலேர்ந்து கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், பரிசு பிரிக்கிற நாள், எந்த வாரத்துல விழுதுன்னு கவனிச்சியா? அம்பத்திரண்டுல. ஒவ்வொரு வருஷமும். இந்த வருஷமும் உனக்குத்தான். எம் பொண்ணு இல்லாம மரத்துக்கு முன்னால உக்காந்து பரிசைப் பிரிச்சிருக்கேன். உங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டேனா? விதி விதின்னு வாயை மூடிக்கிட்டேன். இப்ப உனக்கு ஒரு வாரம் போச்சுன்னதும் வருஷமே தப்பாப் போச்சாக்கும்."

அவன் கவனிக்கவில்லை. அதுதான் உண்மை. நாட்காட்டி யார் பக்கமும் சாயாது என்று நம்பியிருந்தான். தன் பக்கம் சாய்ந்தபோது அது சாய்வாகவே தெரியவில்லை. போனை வைத்த பிறகு வெட்கமாக இருந்தது, கூடவே ஆத்திரமும் வந்தது. இரண்டில் ஆத்திரம்தான் சுமக்கச் சுலபம்.

மறுநாள் அலுவலகத்தில் அவன் ஒரு வரியை மாற்றி எழுதினான். வாரத்தின் எண் ஒற்றையா இரட்டையா என்று பார்ப்பதற்குப் பதிலாக, ஏதோ ஒரு பழைய திங்கட்கிழமையிலிருந்து எத்தனை நாள் ஆயிற்று என்று எண்ணி, ஏழால் வகுத்து, அதை வைத்து முடிவு செய்யும்படி. இப்படி எண்ணினால் ஆண்டு முடிவதும் தொடங்குவதும் கணக்கில் வராது. ஒரு வாரம் அம்மா, ஒரு வாரம் அப்பா, ஒரு வாரம் அம்மா, உலகம் முடியும்வரை மாறி மாறி வரும். ஐம்பத்து மூன்றுக்கு அடுத்த வாரம் அப்பா பக்கம் வந்துவிடும்.

அதோடு விஷயம் முடியவில்லை. அந்த வட்டாரத்தில் பள்ளிப் புரோகிராம் சொல்வதை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. ஊல்ரிகா, கோனி, கோனியின் பழைய மனைவி, ஊமியோ நர்ஸ் எல்லோருடைய பிள்ளைகளும் அதில்தான் இருந்தார்கள். அத்தனை பேரும் ஒரே நாளில் நகர்ந்தால் யாரும் யாரோடும் மோத வேண்டியதில்லை. ஊல்ரிகா வேண்டாம் என்றது, கம்ப்யூட்டர் சொன்னால் நடந்துவிடும். கணக்கிலும் குற்றம் சொல்ல முடியாது. அது தவறாக இருந்திருந்தால் மோர்ட்டன் தொட்டிருக்கவே மாட்டான், அவ்வளவு நேர்மையானவன். சரியாக இருந்ததுதான் வினை.

பெர்னில்லா அதை ஓட்டிப் பார்த்தாள். நாற்காலியைத் திருப்பிக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"இது சரியா?"

"வாரம் விட்டு வாரம்னா வாரம் விட்டு வாரம். இதான் சரி."

"கணக்கைக் கேட்கலைப்பா. இரட்டை வாரத்துல சீக்கிரம் போறேன், ஒத்தை வாரத்துல லேட்டா இருக்கேன்னு முதலாளிகிட்ட பேசி வெச்சிருக்காங்களே, அவங்கல்லாம்?"

"மாத்திக்குவாங்க."

"நீ ஒருத்தன் மாத்திக்க முடியலைன்னு மாகாணத்தையே மாத்திக்கச் சொல்றே." அவள் குரலில் குத்தல் இல்லை. அதனால்தான் நன்றாகக் குத்தியது. "எனக்கு ரெண்டு விதமாவும் கடுதாசி வந்திருக்கு. நம்பர்னா நம்பர்தான்னு சில பேரு, முறைன்னா முறைதான்னு சில பேரு. பஞ்சாங்கம் நீதான். இந்தத் திங்கள் விட்டு அடுத்த திங்கட்கிழமை நான் அனுப்பணும், நீ எதைக் கொடுத்தாலும் அனுப்பிடறேன். கேள்வி கேட்க மாட்டேன்."

அடுத்து வந்தது இரட்டை வாரம். தூவா அவனிடம் இருந்தாள். ஞாயிறு ராத்திரி, வெளியே நன்றாக இருட்டிவிட்டது. அவள் கூடத்துத் தரையில் உட்கார்ந்து, மறுநாள் காலை பள்ளிக்குக் கொண்டுபோக வேண்டிய பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். பனிக்கால உடுப்பு, விளையாட்டுக் காலணி, நூலகப் புத்தகம், காது பிய்ந்த ஒரு துணி முயல். மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு மேசையருகே உட்கார்ந்திருந்த மோர்ட்டன் தொண்டையைச் செருமினான்.

"தூவா, வருஷக் கடைசியில ஒரு சின்னக் குழப்பம் இருக்கு."

"தெரியும். அம்பத்து மூணு, அப்புறம் ஒண்ணு. அம்மா சொன்னா. ரெண்டு வாரம் அம்மா வீட்டுல."

"கவலைப்படாதே கண்ணு. அப்பா அதைச் சரி பண்ணிட்டேன்."

அவள் கை நின்றது. "சரி பண்ணிட்டியா? எப்படி?"

"ஒரு வாரம் அங்க, அடுத்த வாரம் இங்க. எப்பவும் போல."

"அப்ப அந்தத் திங்கட்கிழமையும் பை கட்டணுமா?"

"ஆமா."

தூவா முயலைப் பையில் திணித்தாள். அது உள்ளே போகாமல் காது வெளியே நீட்டிக்கொண்டது. மறுபடி திணித்தாள். அவள் உதடு துடிப்பதை அவன் அப்போதுதான் பார்த்தான்.

"என்னடா? உனக்கு அப்பாவைப் பார்க்காம அவ்வளவு நாள்…"

"அது இல்லப்பா." மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "ஒரே ஒரு திங்கட்கிழமை பை இல்லாம இருக்கலாம்னு நினைச்சேன். நானும் கோனியோட பசங்களும் பேசி வெச்சிருந்தோம். பையை அலமாரி மேல தூக்கிப் போட்டுடலாம்னு. அவங்களுக்கும் அன்னிக்குப் பை கிடையாதே."

மோர்ட்டன் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினான்.

"போன வருஷம் இங்க ஹயசிந்த் பூச்செடி வெச்சியே, நான் போறப்ப மொட்டா இருந்துச்சு. திரும்பி வந்தா வாடிப் போச்சு. அம்மா வீட்டுலயும் வெச்சா. அங்கயும் அப்படித்தான். ரெண்டு வீட்டுலயும் பூத்துச்சு, நான்தான் பார்க்கலை." அவள் குற்றம் சாட்டவில்லை, நடந்ததைச் சொன்னாள். "எப்பவும் நான்தானே போறேன். நீ போறதில்ல, அம்மா போறதில்ல. நீங்க ரெண்டு பேரும் அப்படியே இருக்கீங்க."

பல் தேய்க்க எழுந்து போய்விட்டாள்.

மோர்ட்டன் திரையைப் பார்த்தான். தேதியில் எத்தனை வகைக் கூட்டல் கழித்தல் உண்டோ அத்தனையும் தெரிந்தவன். தன் வாரங்களை எண்ணியிருக்கிறான், ஊல்ரிகாவின் வாரங்களையும் எண்ணியிருக்கிறான். குழந்தையின் வாரம் என்று ஒன்றை அவன் எண்ணியதே இல்லை. அந்த அட்டவணையில் அப்பா என்று ஒரு கட்டம், அம்மா என்று ஒரு கட்டம், இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய கோடு. அந்தக் கோட்டில்தான் பையோடு இவள் நடந்துகொண்டிருந்தாள், இவளைப் போல வடக்கு முழுக்க எத்தனையோ பிள்ளைகளும். ஆண்டுக்கணக்கின் மிச்சம் அவர்களுக்கு ஒரு திங்கட்கிழமையைச் சும்மா கொடுத்திருந்தது. அதைத்தான் இவன் சரி செய்ய இருந்தான்.

புதிய வரியை அழித்தான். பழையதைத் திரும்பப் போட்டான். 'நம்பர்னா நம்பர்தான். பழையதையே அனுப்பு' என்று பெர்னில்லாவுக்கு எழுதிவிட்டு மூடி வைத்தான். ஒரு வாரம் கை விட்டுப் போயிற்று. நெஞ்சு வலிக்கத்தான் செய்தது.

தூவா வாயோரம் பற்பசையோடு வந்தாள்.

"மாத்திட்டேன்," என்றான். "ரெண்டு வாரமும் அம்மா வீடுதான். அன்னிக்குப் பையைத் தூக்கி மேல போட்டுடு."

அவள் ஓடிவந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சட்டையில் பற்பசை ஒட்டியது. பிறகு தலையைத் தூக்கிக் கேட்டாள்.

"உன் வீட்டுல எப்பப்பா ரெண்டு வாரம் ஒண்ணா வரும்?"

அதற்குக் கம்ப்யூட்டர் வேண்டியதில்லை. ஐம்பத்திரண்டில் முடிகிற ஆண்டுக்கு அடுத்து வருவது ஒன்று. ஐம்பத்து மூன்றில் முடிகிற ஆண்டுக்கும் அடுத்து வருவது ஒன்று. இரட்டைக்குப் பின்னால் இரட்டை வர வழியே இல்லை. இன்னும் நூறு ஆண்டு போனாலும், ஒட்டிக்கொண்டு வருவது ஒற்றைகள் மட்டும்தான். 'பார்க்கலாம்' என்று சொல்லியிருக்கலாம். எந்த அப்பனும் அதைத்தான் சொல்லியிருப்பான். ஆனால் தேதி விஷயத்தில் அவன் யாரிடமும் பொய் சொன்னதில்லை.

"வராதும்மா."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

"அப்ப அம்மாகிட்ட கேட்டுப் பாரேன்" என்றாள், சாதாரணமாக.

அவன் போனை எடுத்தான். ஊல்ரிகா எடுத்ததும், "இப்ப எந்த வருஷம் தப்பாப் போச்சு?" என்றாள்.

"தப்பெல்லாம் இல்ல. அந்த ரெண்டு வாரமும் அவ உன்கிட்டயே இருக்கட்டும். அதுக்காகப் போன் பண்ணலை. கிறிஸ்துமஸ் விஷயம் நான் நிஜமாவே கவனிக்கலை ஊல்ரிகா. கவனிச்சிருக்கணும். இந்த வருஷம் முந்தின நாளே கூட்டிட்டுப் போயிடு. உங்கூடவே பரிசைப் பிரிக்கட்டும்."

சட்டையில் ஒட்டிய பற்பசையை விரலால் சுரண்டினான்.

"அப்புறம் ஒண்ணு கேட்கணும். கோடையில ஒரு ரெண்டு வாரம், அவ பை கட்டாம இங்க இருக்கலாமா? அதுல ஒண்ணு உன் வாரம், பதிலுக்கு என்னோட ஒண்ணை எடுத்துக்கோ. விதிப்படி இல்ல. சும்மா கேட்கறேன். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லு."

"பேசறது நீதானா?" என்றாள் ஊல்ரிகா. "கோனிகிட்டயும் மத்தவங்ககிட்டயும் நான் பேசிக்கறேன். எந்த வாரம்னு சொல்லு."

மோர்ட்டன் மகளைப் பார்த்தான். "உனக்கு எப்ப வேணும்?"

"ஸ்ட்ராபெர்ரி பழுக்கறப்ப."

"ஸ்ட்ராபெர்ரி பழுக்கறப்பவாம்," என்றான் போனில்.

"அது எந்த வாரம் மோர்ட்டன்?"

"தெரியலை," என்றான் பஞ்சாங்கம்.